வேன் வீட்டில் குசினி, கழிப்பறை: மலையகத்தில் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்

தலவாக்கலையிலிருந்து:

பழைய ரோசா பஸ்ஸையோ ஹைஏஸ் வேனையோ வாங்கி, உள்ளே கட்டில் போட்டு, குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்கள் இப்போது நம் பக்கமும் இருக்கிறார்கள். வேனைக் கட்டக் கொடுக்கும்போது பாஸ், அதாவது பட்டறை மேசன், முதலில் கேட்பது, "குசினியும் பாத்ரூமும் உள்ளேயே வேணுமா?" என்பதுதான். வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டுப் போனவர்கள் உடனே ஆமாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த வீடியோக்களில் வேன் நிற்பது சமதரையில். கழிவு கொட்ட ஓர் இடம், தண்ணீர் பிடிக்க ஒரு குழாய், மின்சாரம், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஹட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் அப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை. அதனால் நம் பாதைகளில் ஓட்டியவர்கள் கண்டதை எழுதினால் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு உதவும்.

என்னுடையது ஹைஏஸ். உள்ளே ஒற்றை அடுப்போடு சின்னக் குசினி உண்டு. குளியலறை இல்லை. சீட்டுக்குக் கீழே இழுத்து எடுக்கிற மாதிரி ஒரு கழிப்பறைப் பெட்டி மட்டும். நம் மலைக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

முதலில் குசினி. வளைவுக்கு ஒரு கடை இருக்கும்போது அடுப்பு எதற்கு என்று கேட்பார்கள். பகலில் அது சரிதான். ரொட்டி, கடலை, அவித்த சோளம், இஞ்சி போட்ட தேத்தண்ணி, எதற்கும் குறைவில்லை. ஆனால் இரவு எட்டரை மணிக்கு மேல் சின்ன டவுன்கள் அடங்கிவிடும். கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும், மாத்திரை போடுகிற அம்மாவுக்கு நேரத்துக்கு ஒரு வாய் கஞ்சி கொடுக்க வேண்டும் என்றால் அப்போது அடுப்பு இருந்தே ஆக வேண்டும்.

ஆனால் கீழ்நாட்டில் சமைப்பதைப் போல இங்கே சமைக்க முடியாது. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பானை தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது, காஸ்தான் போகும். பிரஷர் குக்கர் இல்லாமல் வேனில் பருப்பு வைக்காதீர்கள். அடுத்தது ஆவி. குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு ஒரு பானை சோறு வடித்தால், கூரையில் தகரத்தைப் பிடித்திருக்கிற ஆணித் தலை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கும். நடு இரவில் அது ஒவ்வொன்றாகக் கம்பளியில் விழும். விடியும்போது மெத்தையின் ஓரம் ஈரமாகி, ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். கருவாடு பொரித்தால் மணம் திரைச்சீலையை விட்டுப் போகவே போகாது. கூரையில் ஆவி இழுக்கிற ஃபேன் வையுங்கள். பொரியல் வேலையை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

காஸ் விஷயத்தில் கவனம். நமக்குக் கிடைப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. குளிர் பூச்சியத்தை நெருங்கினால் பியூட்டேன் ஆவியாகாது. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் புல்லில் உறைபனி பூக்கிற காலைகளில் சிலிண்டரில் காஸ் இருந்தும் அடுப்பு மெழுகுவர்த்தி போலத்தான் எரியும். காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டர் வைக்கிற பெட்டிக்கு அடியில் வெளியே திறக்கிற ஓட்டை கட்டாயம் இருக்க வேண்டும். குளிர் காய்வதற்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தயவுசெய்து அந்த வேலை வேண்டாம்.

ஃப்ரிஜ்ஜுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. லீக்ஸும் கரட்டும் விளைகிற ஊரில் அன்றன்றைக்கு வாங்கலாம். இரவுக் குளிரே மரக்கறியைக் காப்பாற்றும். காஸில் ஓடுகிற ஃப்ரிஜ் சமதரையில் நின்றால்தான் வேலை செய்யும். சமதரைக்கு நாம் எங்கே போவது?

இனி குளியலறை. ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நாலு பேர் குளிக்க நூறு லீட்டர் ஏற்றினால், கிட்டத்தட்ட இரண்டு ஆட்களைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு றம்பொடை வளைவுகளில் ஏற வேண்டும். தாங்கி பாதி காலியானால் இன்னும் மோசம். வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் அடித்துப் போவதை ஸ்டியரிங்கில் உணரலாம். அதையெல்லாம் சமாளித்துவிடலாம். என்னைக் குளியலறை வேண்டாம் என்று முடிவெடுக்க வைத்தது வேறு.

ஒரு பெப்ரவரி மாதம், லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பீலியில், மலைத் தண்ணீர் வந்து விழுகிற குழாயில், முகம் கழுவ நின்றேன். வறட்சி. தண்ணீர் விரல் பருமனுக்குத்தான் விழுந்தது. லயத்துக்காரர்களின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்களின், குடங்கள் வரிசையில் இருந்தன. நமக்குத் தெரியும், அந்த வரிசையில் ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நின்றால் போதும். ஒரு பெரிய வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஹோஸ் பைப்பைப் பீலி வாயில் செருகினார். ஓர் அக்கா தன் குடத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள் என்ற மரியாதை. தாங்கி நிரம்ப அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆனது. வேன் போன பிறகுதான் முதல் குடம் நிரம்பத் தொடங்கியது. ஒரு பயணக் குடும்பம் உடம்பு கழுவுகிற தண்ணீருக்கு ஒரு லயமே அன்றைக்குச் சோற்றுப்பானை வைக்கக் காத்திருந்தது. தண்ணீர் வேண்டுமா, புறப்படும் முன் வீட்டில் பிடியுங்கள், அல்லது டவுனில் காசு கொடுத்து வாங்குங்கள். பீலியில் ஒரு போத்தலுக்கு மேல் பிடிக்காதீர்கள்.

---

பண்டாரவளையிலிருந்து:

நான் வாடகைக்கு ஓடுகிறவன். அண்ணன் சொன்னதில் குசினியைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். பின் கதவைத் தூக்கினால் இழுத்து எடுக்கிற குசினி இப்போது நிறையப் பேர் செய்கிறார்கள். ஆவிப் பிரச்சினை இல்லை என்பது உண்மை. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக் காற்று) அடிக்கிற அடிக்கு அடுப்பு நிற்காது. அதே மாதத்தில் வட்டவளைப் பக்கம் போனால் மழை. ஒக்டோபருக்குப் பிறகு எங்கள் ஊவாப் பக்கத்துக்கும் மழை வந்துவிடும். எந்த மாதத்தில் எந்தப் பக்கம் ஓடப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு பாஸிடம் போங்கள்.

வெளிநாட்டு ஆட்கள் வேனைப் பார்த்தவுடன் கேட்பது பாத்ரூம் இருக்கிறதா என்றுதான். இருந்தால்தான் எடுக்கிறார்கள். குசினியில் தேத்தண்ணியும் முட்டையும் தாண்டி ஒன்றும் நடப்பதில்லை. ரொட்டியையும் கொத்தையும் சாப்பிடத்தானே வருகிறார்கள்.

ஆனால் அந்தக் கழிப்பறைப் பெட்டியை யார் கழுவுவது? இருபது லீட்டர் சொச்சம் பிடிக்கிற பெட்டி, இரண்டு பேர் இருந்தால் மூன்று நாள் தாங்கினால் பெரிய விஷயம். ஒரு முறை தங்குமிடம் ஒன்றில் நிறுத்தினோம். கழிவை எங்கள் குழியில் ஊற்றலாம் என்று முதலாளி தாராளமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பையனைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கொடுத்தார். பதினாறு, பதினேழு வயது இருக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. கையுறை இல்லை, காலில் ரப்பர் செருப்பு. பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினான். நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். நம் தோட்டங்களில் இந்த வேலையை எந்தச் சாதியார் தலையில் கட்டினார்கள், அவர்களைக் கூட்டத்தில் எங்கே நிறுத்தி வைத்தார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும். விடுமுறைக்கு வந்த வேனின் கழிவை அதே பிள்ளைகள் தூக்கக் கூடாது. இப்போது கையுறை என் பெட்டியில் இருக்கும், கழுவுவது நான்தான். எடுக்கும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுகிறேன்: இரவுக்கும் அவசரத்துக்கும் மட்டும் பாவியுங்கள்.

எல்லயிலிருந்து வெல்லவாய இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல தண்ணீர்த் தாங்கியில் மூன்றில் ஒன்று போதும். அழுக்குத் தண்ணீர்த் தாங்கி காலியாக இருக்கட்டும். தாங்கிக்குள் தடுப்புப் பலகை இருக்க வேண்டும். ஏறும்போது போடுகிற சின்னக் கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் தீய்ந்த வாடை வந்துவிடும்.

---

கண்டியிலிருந்து:

தலவாக்கலை அண்ணன் சொல்வதில் தண்ணீர் விஷயத்தை முழுதாக ஏற்கிறேன். ஆனால் கழிப்பறை என்று வரும்போது என் பேச்சு வேறு. எங்களுடையது ரோசா. குசினியைச் சுருக்கி, கைப்பிடி வைத்த ஓர் அறையாகக் கழிப்பறை கட்டினோம். குசினி இல்லாமல் போனாலும் நான் போவேன். அந்த அறை இல்லாமல் போகமாட்டேன்.

அப்பாவுக்கு நீரிழிவு. இரவில் பல தடவை எழும்புவார். தான் பிறந்த நானுஓயாப் பக்கத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரவு இரண்டு மணிக்குப் பனிமூட்டத்தில், அட்டை கடிக்கிற புல்லோரத்தில், முழங்கால் வலிக்காரர் ஒருவரைக் கைத்தாங்கலாக இறக்கிப் பாருங்கள், அப்போது தெரியும். போத்தலில் போகச் சொல்லலாம் என்பார்கள். சொல்லிப் பார்த்தேன். மகள் முன்னால் அந்த மனிதர் குன்றிப்போய்விட்டார். இப்போது தானே எழும்பி, கைப்பிடியைப் பிடித்து, கதவைச் சாத்திக்கொள்கிறார்.

பெண்களுக்கும் அப்படித்தான். கொழுந்து பறிக்கிற மலையில் கழிப்பறை இல்லாமல் எங்கள் அம்மாமார் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் குடிக்காமலே வேலைக்குப் போனார்கள். என் பிள்ளைகள் மாதவிடாய் நாளில் பயணம் வரும்போது, எந்தக் கடையில் கேட்கலாம், அங்கே தாழ்ப்பாள் இருக்குமா என்று யோசிக்கிற நிலைமை வேண்டாம். ஆண்கள் வேனுக்குக் கணக்குப் போடும்போது இதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

அதே அறையில் அப்பாவைக் குளிப்பாட்டவும் செய்கிறோம். ஷவர் இல்லை. கேத்தலில் கொதிக்க வைத்து, ஒரு வாளியில் விளாவி, செம்பால் ஊற்றுவதுதான். ஏழெட்டு லீட்டரில் முடிந்துவிடும். கழிவை வழியில் எங்கும் கொட்டுவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் மலக்குழியில் ஊற்றுகிறோம். பெட்டிக்குள் ஊற்றுகிற நீல மருந்தில் ஃபோர்மல்டிஹைட் இருந்தால் வாங்காதீர்கள். குழியில் கழிவை மக்க வைக்கிற கிருமிகளையும் அது கொன்றுவிடும். இரண்டு நாளுக்கு மேல் வெளியில் தங்குவதில்லை என்பதால் எங்களுக்கு இது சரிப்படுகிறது.

கேட்க வேண்டியது ஒன்று. பஸ் கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் ஊற்றின தண்ணீர் வடியாமல் ஒரு மூலையில் தேங்கிவிடுகிறது. அப்பா வழுக்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

---

மஸ்கெலியாவிலிருந்து:

சுருக்கமாகச் சொல்கிறேன். சிவனொளிபாத மலை சீசனில், மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரைக்கும் மலையடிவாரத்து நல்லதண்ணிக்கு வருகிற வாகனங்களைப் பார்க்கிறோம். வேனிலேயே சமைக்கிறவர்கள் பாத்திரம் கழுவின எண்ணெய்த் தண்ணீரை வால்வைத் திறந்து பாதையோரக் கானில் விட்டுவிட்டு மலை ஏறப் போகிறார்கள். சிலர் மற்றதையும். அந்தக் கான் ஓடையில் சேரும், ஓடை மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குப் போகும், அங்கிருந்து மஸ்கெலி ஓயா, பிறகு களனி கங்கை. கொழும்புக்குக் குடிதண்ணீர் எடுக்கிற அம்பத்தளை அந்தக் கங்கைக் கரையில்தான் இருக்கிறது. இங்கே வால்வைத் திறக்கிற கொழும்புக்காரர் தன் வீட்டுக் குழாய்க்குத்தான் அனுப்புகிறார். நடுவில் எத்தனை தோட்டங்கள் அதில் குளித்துத் துவைக்கின்றன என்பதையும் நினைக்க வேண்டும். உள்ளே வசதி வைக்கிறவர்கள் அழுக்குத் தண்ணீருக்கும் தாங்கி வையுங்கள். தாங்கி இல்லாமல் குசினி கட்டிக் கொடுக்கிற பட்டறைகளுக்கும் யாராவது இதைச் சொல்லுங்கள்.

இரவு நிறுத்துவது பற்றியும் ஒன்று. கழிப்பறை உள்ளேயே இருக்கிறது என்ற தைரியத்தில் மண் வெட்டிய மேட்டுக்கு அடியில் ஒதுங்குகிறார்கள். மழை நாளில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறதா என்று பாருங்கள். கோவில் முற்றமோ பெற்றோல் ஷெட்டோ கேட்டு நிறுத்துவது நல்லது. அங்கே கழிப்பறையும் இருக்கும்.

---

தலவாக்கலையிலிருந்து:

கண்டித் தங்கச்சி, நீங்கள் எழுதினதைப் படித்த பிறகு, வயதானவர்களும் பெண் பிள்ளைகளும் வருகிற வேனுக்குக் கதவு வைத்த கழிப்பறை வேண்டும் என்று நானும் சொல்கிறேன். ஷவரும் பெரிய தாங்கியும் வேண்டாம் என்பதில் மாற்றமில்லை.

தேங்குகிற தண்ணீருக்கு வழி இருக்கிறது. நடுவில் ஒரே ஓட்டை போட்டால் நம் சரிவுகளில் வடியாது. எதிரெதிர் மூலைகளில் இரண்டு ஓட்டை போட்டு, இரண்டையும் அடியில் ஒரே குழாயில் சேர்த்து அழுக்குத் தாங்கிக்கு விடச் சொல்லுங்கள். பஸ் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்று வேலை செய்யும். தரையில் வழவழப்பான ஃபைபர் இருந்தால் அதன்மேல் துளை போட்ட ரப்பர் மெத்தை விரியுங்கள். அப்பா உட்கார ஒரு பிளாஸ்டிக் முக்காலி வையுங்கள், கால்களுக்கு ரப்பர் மூடி போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். கைப்பிடியைப் பலகையில் திருகாமல் பஸ்ஸின் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். அவருடைய முழுப் பாரத்தையும் அதுதான் தாங்க வேண்டும்.