பொம்மையும் பாப்பாவும்: உங்கள் வீட்டில் என்ன பார்த்தீர்கள்? (அனுபவப் பகிர்வு)

மதுரையிலிருந்து ஒரு அம்மா:

பாப்பாவுக்குப் பத்து மாதம் முடியப்போகிறது. பெயர் வைத்த அன்று வந்த பொம்மைகளில் பாதிக்கு மேல் பேட்டரி போட்டவை. பொத்தானை அமுக்கினால் பாடும், விளக்கு மின்னும். என் அம்மா மட்டும் ஊரிலிருந்து ஒரு பனை ஓலைக் கிலுகிலுப்பை வாங்கி வந்தார். இந்த இரண்டையும் அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்ததை எழுதுகிறேன்.

பாட்டுப் பொம்மை முன்னால் கண் கொட்டாமல் கிடப்பாள். கை கால் ஆடாது. கிலுகிலுப்பை என்றால் அப்படியில்லை. நாலாம் மாதம் வாக்கில் கை தற்செயலாக அசைய, சத்தம் வரும். சட்டென்று நிறுத்திவிட்டு உற்றுக் கேட்பாள். அப்புறம் மெதுவாக ஒரு ஆட்டு. மறுபடி சத்தம். தான் ஆட்டினால்தான் அது பேசுகிறது என்று பிடிபட்டதும் விடவே மாட்டேன் என்றாள். ஆறு மாதத்தில் அதையே வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றப் பழகினாள். ஓரம் பிரிய ஆரம்பித்ததும் ஓலையை எடுத்து வைத்துவிட்டு, மரத்தில் செய்ததைக் கொடுத்தோம். அது நேராக வாய்க்குப் போனது. போகட்டும். வழவழப்பா சொரசொரப்பா என்பதை அந்த வயதில் நாக்குதான் முதலில் கண்டுபிடிக்கிறது.

இப்போது அவளுக்குப் பிடித்த விளையாட்டு, சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைத் துண்டு போட்டு மூடுவது. ஆறு மாதத்தில் மூடினால், கிண்ணம் என்று ஒன்று இருந்ததே இல்லை என்பது போல வேறு பக்கம் திரும்பிவிடுவாள். எட்டு மாதம் தாண்டியதும் துண்டை இழுத்துப் போட்டுவிட்டுக் கிண்ணத்தை எடுக்கிறாள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பொருள் அங்கேயேதான் இருக்கிறது என்ற புரிதல் இந்த வயதில் வருவதைத்தான் சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே விரிவாக எழுதியிருக்கிறார். அதை நம் வீட்டுத் தரையில் பார்ப்பது பெரிய சந்தோஷம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அன்னா சோசா என்ற ஆய்வாளர், 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோருமாக 26 ஜோடிகள் வீட்டில் விளையாடும்போது பேசுவதைப் பதிவு செய்து பார்த்தார். பேட்டரிப் பொம்மை இருந்தபோது பெற்றோர் பேச்சு குறைந்தது. புத்தகத்தோடு இருந்தபோது மழலை பேசிய அளவுக்குக் குழந்தைகளும் வாய் திறக்கவில்லை. பொம்மையே பேசிக்கொண்டிருந்தால் நாம் எங்கே பேசுவது?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி:

ஓலைக் கிலுகிலுப்பை வாங்கும்போது உள்ளே என்ன போட்டிருக்கிறது என்று கேட்டு வாங்கும்மா. குன்றிமணி என்றால் வேண்டவே வேண்டாம், அது விஷம். சின்னக் கல் என்றாலும் ஓலை பிரிந்தால் வாய்க்குத்தான் போகும்.

எங்கள் வீட்டில் பேரனுக்கு அவன் தாத்தா ஆசாரியிடம் சொல்லி நடைவண்டி செய்து வாங்கினார். மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு கட்டை, அவ்வளவுதான். அந்தக் காலத்து மண் தரையில் வண்டி மெல்லத்தான் நகரும். டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடி, பிள்ளை முகம் குப்புற விழப்போனான். தாத்தா முன் சக்கரத்தில் சணல் கயிறைச் சுற்றிக் கட்டினார். வண்டி தானாக ஓடுவது நின்றது. பிள்ளை தள்ளினால்தான் போகும் என்றானது. முழங்காலில் பலம், நிற்கும்போது நிதானம், எங்கே நிறுத்துவது என்ற கணக்கு எல்லாம் அந்தத் தள்ளலில்தான் வந்தது.

உட்கார வைத்து உருட்டிவிடும் வாக்கரை மருமகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கனடாவில் 2004-லேயே அதை விற்கத் தடை போட்டார்களாம், படிக்கட்டில் உருண்டு அடிபட்ட குழந்தைகள் அவ்வளவு பேர். அதில் உட்கார்ந்தால் நடை சீக்கிரம் வரும் என்பதும் உண்மையில்லை என்று எங்கள் டாக்டரும் சொன்னார்.

பெங்களூரிலிருந்து ஒரு அப்பா:

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கு விலக்கு உண்டு. பட்டன் பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். வீட்டில் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நாங்கள் மகனுக்குக் கர்நாடகத்தில் மரப் பொம்மைக்குப் பேர்போன சன்னபட்டணத்து மர வளையங்கள் வாங்கினோம். ஒரு நேரத்தில் நாலைந்து சாமான்தான் வெளியே வைப்போம், மற்றவை பரண் மேல். கூடை நிறையக் கொட்டினால் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் போடுகிறான். கொஞ்சமாக இருந்தால் ஒரே வளையத்தைக் கோர்க்கிறான், உருட்டுகிறான், தலையில் வைத்துக்கொள்கிறான்.

சென்னையிலிருந்து ஒரு அம்மா:

என் மகன் எட்டு வாரம் முன்னதாகப் பிறந்தவன். பொம்மை டப்பாவில் போட்டிருக்கும் வயதைப் பார்த்து எனக்குப் பயமாக இருக்கும்: "ஆறு மாதக் குழந்தை பிடிக்கும் என்கிறார்களே, இவன் பிடிக்கவில்லையே." அவனுக்குப் பயிற்சி கொடுத்த தெரபிஸ்ட்தான் அந்த எட்டு வாரத்தைக் கழித்துவிட்டு வயதைக் கணக்குப் போடச் சொன்னார். அந்தக் கணக்கில் அவன் சரியாகவே இருந்தான்.

முதலில் அவர் கொடுத்தது கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டை. பிறந்த குழந்தைக்கு 20–30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும், அதனால் அந்தத் தூரத்தில் பிடித்து மெதுவாக நகர்த்தச் சொன்னார். இவன் தலையை எப்போதும் இடது பக்கமே வைத்திருப்பான். கிலுகிலுப்பையை வலது பக்கம் ஆட்டுவோம். கண் முதலில் வரும், பின்னால் கழுத்து வரும். குப்புறப் போட்டால் அழுவான். முன்னால் பளபளக்கும் எவர்சில்வர் தட்டை நிறுத்தி வைத்தால், அதில் தெரிகிற முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்குவான். விலை உயர்ந்தது எதையும் அவர் வாங்கச் சொல்லவே இல்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஒரு வயதுக்கு முன்னாலேயே குழந்தை பொம்மையை எப்போதும் ஒரே கையால்தான் எடுக்கிறது, மற்றக் கை மூடியே இருக்கிறது என்றால், "இடது கைப் பழக்கம்" என்று விட்டுவிடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த வயதில் இரண்டு கையும் சமமாக வேலை செய்ய வேண்டும்.