சார்ஜரில் ஓடுகிறது, பேட்டரி மட்டும் ஏறவில்லை (19.5 வோல்ட், ஊசிப் பின்)

அல்சூர்வாசி:

வணக்கம். லேப்டாப்பில் சார்ஜரைச் சொருகினால் ஓடுகிறது, பேட்டரி மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. 7 சதவீதத்திலேயே நிற்கிறது. சார்ஜரைப் பிடுங்கினால் ரெண்டு நிமிஷத்தில் அணைந்துவிடுகிறது. பேட்டரி படத்தின் மேல் மவுஸை வைத்தால் சொருகியிருக்கிறது, ஆனால் சார்ஜ் ஆகவில்லை என்று காட்டுகிறது.

சார்ஜரில் அச்சடித்திருப்பது 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர், 65 வாட். உருளைப் பின், அதன் நடுவில் மெல்லிய ஊசி. நாலு வருஷப் பழசு, விண்டோஸ் 11. டைப்-சி துளை கிடையாது. ரெண்டு நாளாக மெஷினும் ரொம்ப மந்தம், ஒரு எக்செல் ஷீட் திறக்கவே நேரமாகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பார்த்தாயிற்று. டிவைஸ் மேனேஜரில் பேட்டரி டிரைவரை நீக்கி ரீஸ்டார்ட்டும் செய்தாயிற்று. மாற்றமில்லை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் காட்டினால், முதலில் பேட்டரியை மாற்றுங்கள், அப்படியும் சரியாகாவிட்டால் போர்டு என்கிறார்கள். பணம் கொடுப்பதற்கு முன் வீட்டிலேயே எதையெல்லாம் பார்த்துவிடலாம்? மல்டிமீட்டர் இருக்கிறது, பிடிக்கத் தெரியும்.

மீட்டர்முனை:

சார், பேட்டரிக்கு இப்போ காசு கொடுக்காதீங்க. போற போக்குல சொன்னீங்களே, மெஷின் மந்தம்னு, அதுதான் இதுல பெரிய தடயம்.

பின்னுக்கு நடுவுல இருக்கிற ஊசி பவர் கொண்டுபோறதுக்கு இல்ல. டெல், எச்பி மாதிரி ஊசிப் பின் போடுற கம்பெனிங்க, சார்ஜர் எத்தனை வாட்டுன்னு லேப்டாப் தெரிஞ்சுக்கத்தான் அதை வெச்சிருக்காங்க. அந்தத் தகவல் வரலைன்னா, சொருகியிருக்கிறது 65 வாட்டா 30 வாட்டான்னு லேப்டாப்புக்குத் தெரியாது. அதனால சார்ஜர் மேல பாரம் ஏத்தாம இருக்க ரெண்டு காரியம் பண்ணும்: பேட்டரி ஏத்துறதை நிறுத்தும், பிராசஸர் வேகத்தைப் பிடிச்சு வைக்கும். டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைத் திறந்து சிபியு வேகத்தைப் பாருங்க. என்ன வேலை கொடுத்தாலும் 0.8 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இருந்தா அந்த ஊசிக்குப் போற அடையாள ஒயர் மேலதான் சந்தேகம்.

அடுத்தது பயோஸ், அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற செட்டிங் திரை. ஆன் பண்ணினதும் எஃப்2 தட்டுங்க (சில மாடல்ல எஃப்10). பேட்டரி விவரப் பக்கத்துல சார்ஜர் வகைன்னு ஒரு வரி இருக்கும். 65 வாட்டுன்னு இருந்தா ஊசி பேசுது. தெரியாத வகைன்னோ சார்ஜர் இல்லைன்னோ இருந்தா பேசலை. பயோஸ்ல விண்டோஸே கிடையாது. அங்கேயும் தப்பாக் காட்டினா டிரைவர், அப்டேட்டுன்னு நேரம் செலவழிக்கிறது வீண்.

அந்தப் பக்கம் திறந்திருக்கும்போதே இதைச் செய்யுங்க. பின்னை ஒரு கையால ஜாக்கோட சேர்த்து அசையாமப் பிடிச்சுக்கங்க. இன்னொரு கையால பின்னோட கழுத்துல, ரப்பர் முடியிற இடத்துல, ஒயரை மட்டும் நாலு பக்கமும் மெதுவா வளைங்க. செங்கல் மாதிரி இருக்கிற அடாப்டர்ல இருந்து ஒயர் வெளிய வர்ற இடத்துலயும் அதே மாதிரி. அப்புறம் ஒயரை விட்டுட்டு பின்னை மட்டும் மேலயும் கீழயும் லேசா அழுத்துங்க. ஒயரை வளைக்கும்போது 65 வாட்டுன்னு மாறினா ஒயர் உள்ளுக்குள்ள அறுந்திருக்கு. பின்னை அழுத்தும்போது மாறினா லேப்டாப் ஜாக். சில பயோஸ்ல அந்த வரி தானா மாறாது, பக்கத்தை விட்டு வெளிய வந்து திரும்ப உள்ள போகணும். பிடிச்ச பிடியை அதுவரைக்கும் விட்டுடாதீங்க.

மீட்டரை டிசி 200 ரேஞ்சுல வைங்க. 20 ரேஞ்சுல வெச்சா, வோல்ட்டேஜ் கொஞ்சம் கூட இருந்தாலும் ரேஞ்சைத் தாண்டி வெறும் 1 காட்டும். கருப்பு முனை உருளையோட வெளிப்பக்கம், சிவப்பு முனை உள்சுவர். 18.5-லிருந்து 20.5 வரைக்கும் இருந்தா சரி. சிவப்பு முனை உள்சுவரையும் ஊசியையும் ஒரே நேரத்துல தொட்டுடக் கூடாது. 19.5 வோல்ட் ஊசியில ஏறினா சார்ஜர்ல இருக்கிற அடையாள சிப் போயிடும், நல்ல சார்ஜரும் அந்த நொடியில இருந்து ஊமை ஆயிடும். முனை தடிமனா இருந்தா ஒரு குண்டூசியை உள்சுவரோட ஒட்டிப் பிடிச்சு, அதுல வெச்சு அளங்க.

முக்காலாம்பியர்:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும்: மீட்டரில் 19.5 வந்துவிட்டால் சார்ஜர் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மீட்டர் இழுப்பது ஒன்றுமே இல்லாத கரன்ட். உள்ளே கெப்பாசிட்டர் உப்பிய சார்ஜரும் சும்மா இருக்கும்போது 19.5 காட்டும், லோடு கொடுத்ததும் படுத்துவிடும்.

லாரி இண்டிகேட்டருக்குப் போடும் 24 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்று வாங்குங்கள். 19.5 வோல்ட்டில் அது சுமார் முக்கால் ஆம்பியர் இழுக்கும். இரண்டை இணையாகப் போட்டால் ஒன்றரை ஆம்பியர். பல்பு எரியும்போது அளந்தால் 18.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. இழை குளிர்ந்திருக்கும்போது முதல் நொடியில் பல மடங்கு கரன்ட் போகும், அதனால் சார்ஜர் ஒரு தடவை கண் சிமிட்டி எழுந்தால் பயப்பட வேண்டாம். விட்டு விட்டு எரிந்துகொண்டே இருந்தால்தான் கோளாறு. ஊசியை இந்தச் சோதனையில் எதனோடும் இணைக்காதீர்கள்.

கடைக்காரர் போர்டு என்றாரே, அதற்கு ஒரு வார்த்தை. லேப்டாப்பில் சொருகிய உடனே சார்ஜரின் விளக்கு அணைந்து, பிடுங்கியதும் திரும்ப எரிந்தால் ஜாக்கிலோ போர்டின் 19 வோல்ட் பாதையிலோ ஷார்ட் இருக்கிறது, அதற்கு மேல் வீட்டில் கை வைக்காதீர்கள். உங்களுடையது சார்ஜரில் ஓடுகிறது என்பதால் அந்த ரகம் இல்லை.

7 சதவீதத்தில் ரெண்டு நிமிஷம் என்பதும் பேட்டரிக்கு எதிரான சாட்சி ஆகாது. விண்டோஸ் பொதுவாக 5 சதவீதத்திலேயே மெஷினை மூடிவிடும், ஆக உங்களுக்கு மிஞ்சியது 2 சதவீதம்தான். சரியான கணக்கு வேண்டுமானால் கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, ஸ்லாஷ், ஒட்டினாற்போல் பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் பக்கத்தில் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இன்றைய முழுக் கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பாதிக்கும் கீழே போயிருந்தால் பேட்டரி களைத்துவிட்டது. ஆனால் களைத்த பேட்டரியும் பொதுவாக ஏறத்தான் செய்யும், சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான். டச்பேட் மேலே எழும்பி வந்திருந்தாலோ மூடியின் ஓரம் பிளந்திருந்தாலோ மட்டும் உடனே நிறுத்துங்கள். அது உப்பிய பேட்டரி, சார்ஜரே போடக் கூடாது.

அல்சூர்வாசி:

இரண்டு பேருக்கும் நன்றி. அளந்தவை:

மீட்டரில் 19.4. இரண்டு பல்பு போட்டு 19.2, நிலையாக எரிகிறது. சிபியு வேகம் 0.79-லேயே நிற்கிறது. பயோஸில் சார்ஜர் வகை தெரியவில்லை என்றே வருகிறது. பின்னின் கழுத்தில் ஒயரை இடப்பக்கம் வளைத்துப் பிடித்துப் பக்கத்தை மறுபடி திறந்தால் 65 வாட் என்று வந்தது, விட்டதும் போய்விட்டது. ஜாக்கில் பின்னை அழுத்தினால் எந்த மாற்றமும் இல்லை. பேட்டரி: முதலில் 42,000 மில்லிவாட் அவர், இப்போது 31,000. டச்பேட் சமமாகவே இருக்கிறது.

கழுத்தை வெட்டி வேறு பின் ஒயர் சால்டர் செய்தால் போதுமா, சார்ஜரே மாற்ற வேண்டுமா?

மீட்டர்முனை:

தெளிவாத் தெரிஞ்சுடுச்சு சார். பவர் ஒயர் ரெண்டும் நல்லா இருக்கு, தலைமுடி மாதிரி இருக்கிற அடையாள ஒயர் கழுத்துல அறுந்திருக்கு. லேப்டாப்பும் பேட்டரியும் நல்லா இருக்கு. 31,000 இன்னும் தாராளமா ஓடும்.

சால்டர் பண்ணலாம், பின்னோட வர்ற ஒயர் தனியா எஸ்.பி. ரோட்டுலயே கிடைக்கும். ஆனா வெட்டிப் பார்த்தீங்கன்னா உள்ள ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கும்: வெளிய ஒரு பின்னல், அதுக்கு உள்ள பவர், கூடவே அந்த மெல்லிசு ஒயர். கலரை நம்பாதீங்க, ஒவ்வொரு தயாரிப்புலயும் மாறும். புதுப் பின் பக்கத்தை மீட்டரோட பீப் சத்தத்தை வெச்சுத்தான் எது உருளை, எது உள்சுவர், எது ஊசின்னு பிரிக்கணும். சார்ஜர் பக்கம் எதுல 19.5 வருதுன்னு அளந்து குறிச்சுக்கிட்டு, சுவர் பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் சால்டர். மூணு இணைப்பையும் ஒரே இடத்துல வைக்காம ஒவ்வொரு சென்டிமீட்டர் தள்ளி வைங்க, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கி ஒட்டுற குழாய்). 19.5 வர்ற ஒயரோட ஒரு இழை அந்த மெல்லிசு ஒயர்ல பட்டுட்டா சிப் போச்சு, அப்புறம் புது சார்ஜர்தான்.

இதுக்கு முன்னாடி இப்படி ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கிற கோஆக்சியல் ஒயர் சால்டர் பண்ணிப் பழக்கம் இல்லைன்னா என் ஓட்டு புது சார்ஜருக்குத்தான். செங்கலைப் பிளந்து உள்ள இருந்து மாத்தலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, 230 வோல்ட் உள்ள 325 டிசியா நிக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல கொஞ்ச நேரம் இருக்கும்.

வாங்கும்போது லேப்டாப்பைக் கையோட கொண்டுபோங்க. 19.5 வோல்ட், பின் அளவு ரெண்டும் அதேதான் இருக்கணும் (4.5 மில்லிமீட்டர், 7.4 மில்லிமீட்டர்னு ரெண்டு அளவு புழக்கத்துல இருக்கு). ஆம்பியர் 3.34 இல்ல அதுக்கு மேல. 4.62 ஆம்பியர் 90 வாட் கிடைச்சாலும் தாராளமாப் போடலாம், லேப்டாப் தனக்கு வேணுங்கிறதை மட்டும்தான் இழுக்கும். 2.31 ஆம்பியர் 45 வாட் வேண்டாம். லேபிள்ல பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர்னு தொடங்குற எட்டு இலக்க எண்ணும் இருக்கணும். பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த எண்ணைப் போட்டா யார் பேர்ல பதிவாகியிருக்குன்னு வரும், லேபிள்ல இருக்கிற பேரோட ஒத்துப் பாருங்க.

காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி கடையிலேயே சொருகி பயோஸைத் திறங்க. 65 வாட்டோ 90 வாட்டோ வரியில வந்தாத்தான் வாங்கணும். பல்பு எரியுது பாருங்க, லேப்டாப் ஓடுது பாருங்கன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, உங்க பழைய சார்ஜர்லயும் அது ரெண்டும் நடக்குது.