தோரோங் லா: ஓடியா, நடந்தா?

கீழைக்காற்று:
வணக்கம். வரும் அக்டோபரில் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் வழிகாட்டியோடு ஒரு டிரெயில் ரன்னிங் (மலைப்பாதை ஓட்டம்) பயணம் போக எங்கள் ஓட்டக்குழுவில் ஏழெட்டுப் பேர் கிளம்புகிறோம். இது பந்தயம் இல்லை. பகலில் குழுவாக ஓடுவது, இரவு டீஹவுஸில் (பாதையோர விடுதியில்) தங்குவது, பெரிய பையைப் போர்ட்டர்கள் கொண்டுவந்துவிடுவார்கள். ஏஜென்சி அனுப்பிய திட்டம் இதுதான்: முதல் நாள் காத்மாண்டுவிலிருந்து ஜீப்பில் சாமே, சுமார் 2,670 மீட்டர். இரண்டாம் நாள் மேல் பிசாங் வழியாக ஓடி மனாங், 3,540 மீட்டர். மூன்றாம் நாள் அங்கேயே ஓய்வு. நாலாம் நாள் தோரோங் ஃபேடி, ஏறக்குறைய 4,450. ஐந்தாம் நாள் 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் லா கணவாயைத் தாண்டி முக்திநாத். ஆறாம் நாள் காக்பேனி வழியாக ஜோம்சோம். எல்லோருமே முழு மாரத்தான் ஓடியவர்கள். ஏற்காடு, கொல்லிமலைச் சாலைகளில் பயிற்சி எடுக்கிறோம். ஆனால் குழுவிலேயே இரண்டு பேர் இது பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மலைப்பித்தன்:
அந்த இரண்டு பேர் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். உங்கள் முதல் இரவே அதற்கு மேலேதான். மனாங்கிலிருந்து ஃபேடிக்கு ஒரே நாளில் 900 மீட்டர் ஏறிப்போய் அங்கே படுக்கப் போகிறீர்கள். நடந்து போகிறவர்களே நடுவில் யாக் கர்காவிலோ லேதரிலோ ஒரு இரவு தங்கித்தான் போவார்கள். ஓடுகிறவன் நுரையீரல் மட்டும் வேறு கடையில் வாங்கியதா?

மலையைப் பார்க்கத்தான் போகிறோம். கையிலிருக்கும் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே ஓடுவதற்குப் பீச் ரோடு போதும்.

வேகநடை:
மலைப்பித்தன் சார், திட்டத்தில் குறை இருக்கிறது என்பது வேறு, ஓடுவதே தவறு என்பது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

நான் அந்தப் பாதையில் இதே மாதிரி குழுவோடு போயிருக்கிறேன். மலையில் 'ஓட்டம்' என்றால் யாரும் ஏற்றத்தில் ஓடுவதில்லை. ஏற்றம் முழுக்கக் கைத்தடி ஊன்றி நடைதான். சமமான இடத்திலும் இறக்கத்திலும் மெதுவோட்டம். மேல் பிசாங்கிலிருந்து கியாரு ஊருக்கு ஏறும் வளைவுகளில் எங்களையும் முதுகில் பெரிய பையோடு வந்த ஜெர்மன்காரர்களையும் பார்த்திருந்தால் வித்தியாசமே தெரிந்திருக்காது. ஏறி முடித்ததும் ங்காவல் வரை மலை இடுப்பில் போகும் பாதை இருக்கிறதே, எதிரே அன்னபூர்ணா இரண்டு, மூன்று சிகரங்கள், கால் தானாக ஓடும். மத்தியானத்துக்குள் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, வெயிலில் உட்கார்ந்து பக்வீட் ரொட்டி சாப்பிட்டு, ஊர்க்காரர்களோடு பேசிக்கொண்டிருக்க நேரம் கிடைக்கும். மாலை ஐந்து மணிக்குக் களைத்து வந்து சுருண்டு படுப்பவர்தான் மலையைப் பார்த்தாரா?

இன்னொன்று. இமயமலைக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்பது போலப் பேசுகிறீர்கள். ஐரோப்பாவின் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் யூடிஎம்பி பந்தயம் 2003இல் முதல் தடவை நடந்தபோது ஜெயித்தவர் நேபாளத்தின் தாவா ஷெர்பா. 2015இல் அங்கேயே 80 கிலோமீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த மீரா ராய், போஜ்பூர் மாவட்டத்துக் கிராமத்துப் பெண்.

மலைப்பித்தன்:
அவர்கள் மலையில் பிறந்து வளர்ந்தவர்கள். இவர்கள் கடல் மட்டத்திலிருந்து விமானம் ஏறுகிறவர்கள். மோன் பிளாங்க் சுற்றில் கணவாய்கள் எல்லாம் 2,500 மீட்டர் சுற்றுவட்டாரம். ஏறி இறங்கினால் பள்ளத்தாக்கில் பஸ் நிற்கும். அதற்கும் தோரோங் லாவுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

தனிவழி:
என் கேள்வி வேறு. வழிகாட்டி எதற்கு? பாதை பட்டப்பகலாகத் தெரிகிறது. மனாங் வரைக்கும் ஜீப் ரோடே வந்துவிட்டது. ஏஜென்சிக்குக் கொட்டிக் கொடுக்கும் பணத்தில் இன்னொரு தடவை போய்வரலாம். வழிகாட்டி இருந்தால் குழுவின் வேகத்துக்கு நாம் ஓட வேண்டும். தனியாகப் போனால் தலை வலித்த இடத்தில் நின்றுவிடலாம்.

வேகநடை:
2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டவர் வழிகாட்டி இல்லாமல் டிரெக்கிங் போகக் கூடாது என்று நேபாளம் விதி கொண்டுவந்தது தெரியும்தானே?

தனிவழி:
தெரியும். அதை எங்கே எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதும் தெரியும். விதியைக் கேட்கவில்லை, பயனைக் கேட்டேன்.

சேலத்து_டாக்டரம்மா:
பயனை நான் சொல்கிறேன். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வருவது உயர நோய். அது முற்றியவருக்குத் தனக்கு வந்திருக்கிறது என்று பெரும்பாலும் தெரியாது. மூளையில் நீர் கோக்கத் தொடங்கினால் முதலில் போவது நிதானமும் புத்தியும்தான். குடிகாரர் போலத் தள்ளாடுவார், "எனக்கு ஒன்றுமில்லை, போலாம்" என்பார். ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்த்து, முடியாவிட்டால் அந்த நிமிடமே கீழே இறக்க இன்னொருவர் வேண்டும். வழிகாட்டிக்குச் சம்பளம் அதற்குத்தான், வழி காட்டுவதற்கு மட்டும் இல்லை.

கீழைக்காற்று, உங்களுக்கு மூன்று விஷயம். நல்ல உடல் தகுதி உயர நோயைத் தடுக்காது. அது மாரத்தான் நேரத்தைப் பார்த்து வருவதில்லை. சொல்லப்போனால் ஓடிப் பழகியவர்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல்தான், ஏனென்றால் அவர்களால் வேகமாக ஏற முடியும், வலியைப் பொறுத்துக்கொள்ளவும் பழகியிருக்கிறார்கள். போய்ச் சேர்ந்த புதிதில் மூச்சு முட்ட உழைப்பதும் நோயைத் தூண்டும்.

அடுத்தது கணக்கு. மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் அளவு: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை ஏறாமல் இருக்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் தொட்டீர்கள் என்பதைவிட எங்கே படுத்தீர்கள் என்பதுதான் முக்கியம். நம்மூரிலிருந்து முக்திநாத் யாத்திரை போகும் பெரியவர்களைப் பாருங்கள். அவர்களும் 3,700 மீட்டருக்கு மேல்தான் போகிறார்கள். பெரும்பாலோர் கோயிலில் தரிசனம் முடித்து, இரவு ஜோம்சோமில் 2,700 மீட்டருக்கு இறங்கிவிடுகிறார்கள். அதனால் தப்பிக்கிறார்கள்.

மூன்றாவது, இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பி ஏறாதீர்கள். ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் இருவரில் 82 காட்டுபவர் நன்றாக இருப்பார், 88 காட்டுபவர் வாந்தி எடுப்பார். தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுவது அதைவிட மோசம்.

வேகநடை:
டாக்டரம்மா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அதே கணக்கைச் சரியாகப் போடுவோம். சாமேயிலிருந்து மனாங் 870 மீட்டர் ஏற்றம்தான், ஆனால் 3,000க்கு மேல் வருவது 540. அடுத்த நாள் ஓய்வும் இருக்கிறது. ஓரளவு சமாளிக்கலாம். ஃபேடிக்கு ஒரே மூச்சில் போவதுதான் வில்லங்கம். நடுவில் யாக் கர்காவில், 4,050 மீட்டரில், ஒரு இரவு சேர்த்தால் சிக்கல் தீர்ந்தது. ஓட்டத்தைக் குறை சொல்ல இதில் என்ன இருக்கிறது?

மலைப்பித்தன்:
இருக்கிறது. யாக் கர்கா ஒரு நாள், ஃபேடி ஒரு நாள் என்றால் நடப்பவனும் அப்படித்தான் போகிறான். அவன் நாலு மணி நேரத்தில் போகும் தூரத்தை நீங்கள் இரண்டரை மணியில் ஓடிவிட்டு, மிச்ச நேரம் குளிரில் போர்வைக்குள் கிடப்பீர்கள். மனாங்குக்கு மேல் எப்படிப் போனாலும் அதே இரவுகள்தான். பிறகு எதற்கு ஓட்டம்? ஓட்டப் பயணம் என்று விற்பவன் நாளைக் குறைத்தால்தான் விற்க முடியும். அந்தப் பெயரிலேயே அவசரம் இருக்கிறது, அதுதான் என் சண்டை.

சேலத்து_டாக்டரம்மா:
இது சரியான கேள்வி.

வேகநடை:
பதிலும் உண்டு. கணவாய்க்கு அந்தப் பக்கம்! தோரோங் லாவிலிருந்து முக்திநாத் வரை 1,600 மீட்டருக்கு மேல் இறக்கம். நடப்பவர்களுக்கு முட்டி கழன்றுவிடும் இடம். ஓடத் தெரிந்தவர் குட்டி குட்டி அடி வைத்து, சீக்கிரம் மூச்சு கிடைக்கும் உயரத்துக்கு இறங்கிவிடலாம். சீக்கிரம் இறங்குவது பாதுகாப்புதானே?

மலைப்பித்தன்:
காலை எட்டு மணிக்கு அந்த இறக்கத்தின் மேல்பகுதியில் சரளைக்கு மேல் பனி உறைந்து கண்ணாடி மாதிரி இருக்கும். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதி ஆக்சிஜனில் ஏறி வந்தவன் கால் அங்கே சொன்ன பேச்சு கேட்காது. ஓடி விழுந்து கணுக்கால் முறிந்தால் தூக்கிக்கொண்டு வருவது யார்? உங்கள் வழிகாட்டியும் போர்ட்டரும்.

சுமைதாங்கி:
போர்ட்டர் என்ற வார்த்தையை இவ்வளவு நேரம் கழித்து ஒருவர் சொன்னார், நன்றி. நான் நேபாளத்தில் சில காலம் வேலை பார்த்தவன். யாருமே கேட்காத கேள்வி ஒன்று: நீங்கள் ஓடுகிறீர்கள், உங்கள் பை?

நீங்கள் பத்து லிட்டர் வெஸ்ட்டில் (ஓட்டக்காரர்கள் மாட்டும் சின்னப் பையில்) தண்ணீரும் கடலை மிட்டாயும் வைத்துக்கொண்டு பத்தரை மணிக்கு முக்திநாத் வந்துவிடுவீர்கள். அந்தத் தம்பி இருபத்தைந்து, முப்பது கிலோவை நெற்றிப்பட்டையில் மாட்டிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கே கிளம்பியிருப்பார். மாலை நாலுக்கு வருவார். உங்கள் டவுன் ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக், உலர்ந்த சாக்ஸ் எல்லாம் அவர் முதுகில், உங்களுக்கு ஐந்து மணி நேரம் பின்னால். கணவாயில் வானிலை மாறினால் அவரிடம் உங்கள் ஜாக்கெட் இருக்கும், அவருக்கென்று ஒரு ஜாக்கெட் இருக்குமா என்று ஏஜென்சியிடம் கேட்டீர்களா?

இது கற்பனை பயமில்லை. 2014இல் ஹுட்ஹுட் புயல் அக்டோபர் 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. அதன் மிச்சம் வடக்கே ஏறி, 14ஆம் தேதி அன்னபூர்ணா, தௌலாகிரி பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள், தோரோங் லா பாதையில் மட்டும் பலர். வெளிநாட்டவரோடு நேபாளிகளும் இருந்தார்கள். நீங்கள் போவதும் அதே அக்டோபர்.

கீழைக்காற்று:
இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. திட்டத்தில் வானிலை கெட்டால் காத்திருக்க மாற்று நாள் என்று எதுவும் இல்லை.

சேலத்து_டாக்டரம்மா:
சுமைதாங்கி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். ஆலங்கட்டியும் பேய்க்காற்றும் அடித்து வெப்பநிலை சடாரென்று இறங்கியதில் 21 ஓட்டக்காரர்கள் இறந்தார்கள். அந்த நாட்டின் முன்னணி ஓட்டக்காரர் லியாங் ஜிங்கும் அதில் ஒருவர். அரைக்கால்சட்டையும் மெல்லிய சட்டையுமாகப் போனவர்கள். காற்றுத்தடுப்பு ஜாக்கெட் கட்டாயப் பட்டியலில் இல்லை. ஆடு மேய்ப்பவர் ஒருவர் சிலரைத் தன் குகைக்குள் இழுத்துப் போட்டு, தீ மூட்டிக் காப்பாற்றினார். அங்கே உயரம் தோரோங் லாவில் பாதிகூட இல்லை. ஓடும்போது உடம்பு சூடாக இருக்கும். நின்ற அடுத்த பத்து நிமிடத்தில் வியர்வை எல்லாம் குளிராகிவிடும்.

தனிவழி:
சரி, ஒப்புக்கொள்கிறேன், தனியாகப் போகிறவனுக்கும் இதே கதிதான். ஆனால் நல்ல ஏஜென்சி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லா வெப்சைட்டிலும் அதே சிரித்த முகம்தான்.

வேகநடை:
இதற்கு நான் பதில் சொல்லலாம். நான் எப்போதும் கேட்பது: மாற்று நாள் உண்டா, குழுவில் ஒருவர் இறங்க வேண்டியிருந்தால் அவரோடு இறங்க இரண்டாவது வழிகாட்டி உண்டா, போர்ட்டருக்கு இன்சூரன்ஸும் குளிர் உடையும் யார் கொடுக்கிறார்கள். "டோன்ட் வொர்ரி சார்" என்று பதில் வந்தால் அடுத்த ஏஜென்சியைப் பார்ப்பேன். கணவாய் நாளில் டவுன் ஜாக்கெட், மழைச்சட்டை, தெர்மல், கையுறை இரண்டு ஜோடி, மைக்ரோ ஸ்பைக் (பனியில் வழுக்காமல் ஷூவில் மாட்டும் முள்), ஹெட்லாம்ப் எல்லாம் அவரவர் முதுகில்தான் இருக்க வேண்டும். வெஸ்ட் கனமாகும், ஓட்டம் குறையும், குறையட்டும். உங்கள் சொந்த இன்சூரன்ஸ் 6,000 மீட்டர் வரை செல்லுமா, ஹெலிகாப்டர் செலவைத் தருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மனாங்கில் ஓய்வு நாளன்று ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் மருத்துவ நிலையத்தில் உயர நோய் பற்றிப் பேசுவார்கள். எல்லோரும் போய் உட்காருங்கள்.

மலைப்பித்தன்:
இவ்வளவும் செய்தால் அது ஓட்டப் பயணம் இல்லை, நல்ல ஷூ போட்ட டிரெக்கிங். அப்படியென்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

வேகநடை:
பெயர் எதுவாக இருந்தால் என்ன சார், ங்காவல் பாதையில் நான் ஓடத்தான் போகிறேன்.

கீழைக்காற்று:
ஏஜென்சிக்கு எழுதிக் கேட்டேன். யாக் கர்காவில் ஒரு இரவும் ஒரு மாற்று நாளும் சேர்க்கச் சம்மதம், கட்டணம் கூடும். குழுவில் இரண்டு பேருக்குக் கூடுதல் லீவு கிடைக்காது.

மலைப்பித்தன்:
லீவு கிடைக்காதவர்கள் மறுபக்கம் போகட்டும். போக்கராவிலிருந்து ஜீப்பில் மார்ஃபா வந்து ஒரு இரவு தங்கி, ஜோம்சோம், காக்பேனி என்று ஓடலாம், பகலில் ஜீப்பில் போய் முக்திநாத்தும் சேவிக்கலாம். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் அது, போகாமல் வரக் கூடாது. ஆனால் காளி கண்டகி பள்ளத்தாக்கில் முற்பகல் தாண்டினால் தெற்கிலிருந்து காற்று கிளம்பும். ஜோம்சோமை நோக்கித் திரும்பும்போது மணலை அள்ளி முகத்தில் அடிக்கும். பத்து மணிக்குள் ஓடி முடித்துவிடச் சொல்லுங்கள். உங்கள் ஆறாம் நாளுக்கும் இதே பேச்சுதான்.

சுமைதாங்கி:
போர்ட்டர் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை கிலோ என்று கேட்டீர்களா?

கீழைக்காற்று:
கேட்டேன். அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

சுமைதாங்கி:
வரட்டும். அதுவரை முன்பணம் அனுப்ப வேண்டாம்.