அமைச்சரின் விடையில் "சேவைக்குத் தயார்", எங்கள் ஊராட்சியில் சிவப்பு விளக்கு: நாடாளுமன்றத்தில் எப்படிக் கேட்க வைப்பது?

கேள்வி (இ-சேவை மையம் நடத்துபவர்)

அனைவருக்கும் வணக்கம். மகளிர் குழுவின் வழியாகக் கிராம ஊராட்சி ஒன்றில் இ-சேவை மையம் நடத்தி வருகிறேன். ஊரகப் பகுதிகளின் இணைய வசதி குறித்து மக்களவையில் கேட்கப்பட்ட வினாக்களையும் அவற்றுக்குத் தகவல் தொடர்பு அமைச்சர் அளித்த விடைகளையும் சில வாரங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த விடைகளின்படி, ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் வழியாக இணையம் தரும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 2.14 லட்சம் ஊராட்சிகள் "சேவைக்குத் தயார்" நிலையில் இருக்கின்றன. எங்கள் ஊராட்சியும் அந்தக் கணக்கில் அடங்கியதுதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

ஊராட்சிக் கட்டடத்தில் நான் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே அந்த இணைப்புக்கான கருவிப் பெட்டி இருக்கிறது. மின்சாரம் இருக்கும்போது ஒரு பச்சை விளக்கு எரியும். அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். சன்னல் வழியாக வரும் கருப்புக் கேபிள் ஓர் ஆணியில் வளையமாகச் சுற்றித் தொங்குகிறது. நான் வேலை செய்வதெல்லாம் என் கைப்பேசி இணையத்தில்தான். போன வாரம் வருமானச் சான்றுக்காக வந்த பாட்டியின் பேரன் வெளியூரில் வேலை செய்கிறான். ஓ.டி.பி. அவனுடைய கைப்பேசிக்குப் போய், அவன் தொலைபேசியில் எண்ணைப் படித்துச் சொல்லி, நான் அதைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் பக்கம் காலாவதியாகிவிடுகிறது. இப்படி 4 முறை நடந்தது. ஐந்தாவது முறை முயல்வதற்குள் பேருந்து வந்துவிட்டதால் பாட்டி போய்விட்டார்.

அமைச்சர் அவையில் தவறான தகவல் தந்திருக்கிறாரா, அல்லது அந்தச் சொல்லுக்கு நான் புரிந்துகொண்டதைத் தவிர வேறு பொருள் இருக்கிறதா? எங்கள் தொகுதி உறுப்பினரிடம் ஒரு மனு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அவர் எந்தக் கேள்வியைக் கேட்டால் உண்மை நிலை அவைக்குறிப்பில் ஏறும்?

பதில் 1 (நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் பல ஆண்டுகள் வினாக்கள் தயாரித்தவர்)

வணக்கம் அம்மா. அந்த விடை பொய் அல்ல. அது கேட்ட கேள்விக்கான விடை. "சேவைக்குத் தயார்" என்றால் கேபிள் போடப்பட்டது, கருவி பொருத்தப்பட்டது, சோதித்துப் பார்க்கப்பட்டது என்று பொருள். இன்று காலை அந்தக் கருவி இயங்குகிறதா என்பதை அந்தச் சொல் தொடவே இல்லை. "எத்தனை ஊராட்சிகள் இணைக்கப்பட்டுள்ளன?" என்று உறுப்பினர்கள் ஆண்டாண்டாகக் கேட்டு வருகிறார்கள், அமைச்சகமும் இதுவரை இணைக்கப்பட்டவற்றின் மொத்தக் கூட்டுத்தொகையையே தந்து வருகிறது. 2017-இல் இணைக்கப்பட்டு 2019-இல் அறுந்துபோன ஓர் ஊராட்சியும் அந்தக் கூட்டுத்தொகையில் இருந்துகொண்டே இருக்கும். கூட்டுத்தொகை ஏறுமே தவிர இறங்காது. இதில் பிழை எங்கள் பக்கமும் உண்டு என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். நானே அப்படிப்பட்ட வினாக்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இந்தத் திட்டத்துக்கு நீண்ட வரலாறு இருப்பதால் எந்தக் கட்டத்தைப் பற்றிக் கேட்கிறோம் என்பதையும் குறிப்பிட வேண்டும். ஏறத்தாழ 2.5 லட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கேபிளால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. 2015-இல் அதற்குப் பாரத்நெட் என்று பெயர் வந்தது. 1 லட்சம் ஊராட்சிகளைக் கொண்ட முதல் கட்டம் 2017 டிசம்பரில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில் திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இரண்டாம் கட்டம் 12,525 கிராம ஊராட்சிகளுக்காக மாநில அரசின் நிறுவனம் ஒன்றின் வழியாகச் செயல்படுத்தப்பட்டது. மனு எழுதும்போது நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய செய்தி இதுதான். இந்திய அரசின் பொறுப்பில் முதன்மையாக அடங்காத பொருளைப் பற்றிய வினாவை மக்களவை விதிகள் ஏற்பதில்லை. "எங்கள் ஊராட்சியில் இணைப்பு ஏன் இல்லை?" என்று கேட்டால் அது நிராகரிக்கப்படலாம், ஏற்கப்பட்டாலும் "மாநிலம் செயல்படுத்துகிறது" என்ற ஒரே வரியோடு விடை முடிந்துவிடலாம். ஆனால் பணம் மத்திய நிதியிலிருந்து வருகிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு உலகளாவிய சேவைக்கான கட்டணமாகப் பிடிக்கப்பட்டு, இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர் மாறியிருக்கும் நிதியத்துக்குப் போகிறது. ஆகவே அந்த நிதியைக் கொடுக்கும்போது இணைப்பு இயங்குவது பற்றி என்ன நிபந்தனை விதிக்கப்பட்டது, அது எப்படிக் கண்காணிக்கப்படுகிறது என்று கேட்டால், மத்திய அமைச்சர் விடை சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்து, வினாவின் வகை. நட்சத்திரக் குறியிட்ட வினாவாக இருந்தால் அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாக விடை தருவார். துணைக் கேள்விகளும் கேட்கலாம். ஆனால் மக்களவையில் ஒரு நாளைக்கு அப்படி 20 வினாக்களே பட்டியலில் இடம்பெறும். கேள்வி நேரமான ஒரு மணி நேரத்தில் அவற்றில் சிலவே உண்மையில் எடுத்துக்கொள்ளப்படும். நட்சத்திரக் குறியிடாத வினாக்கள் 230 வரை வரும். அவற்றுக்கு எழுத்தில்தான் விடை. புள்ளிவிவரம் வேண்டுமென்றால் எழுத்துமூல விடையே நல்லது என்பது என் அனுபவம். இணைப்பாக அட்டவணை வரும், அதைப் பிறகு எடுத்துக்காட்டவும் முடியும். குறைந்தது 15 முழு நாள்களுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதால் கூட்டத்தொடர் தேதி அறிவிக்கப்படும்போதே உங்கள் மனு உறுப்பினரின் மேசைக்குப் போய்விட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வெளியில் பலருக்கு இது தெரிவதில்லை. "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்" என்று அமைச்சர் சொன்னால் கேள்வி அத்தோடு முடிந்துவிட்டதாக மக்கள் நினைத்துவிடுகிறார்கள். அந்த வாசகம் அவைக்குத் தரப்பட்ட உறுதிமொழியாகவே பதிவாகிறது. 3 மாதங்களுக்குள் அது நிறைவேற்றப்பட வேண்டும். தவறினால் அமைச்சகம் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். அரசு உறுதிமொழிக் குழு அதைப் பின்தொடரும். மழுப்பலான முழு விடையைவிட இப்படிப்பட்ட விடை பல நேரங்களில் அதிகப் பயன் தரும்.

பதில் 2 (கேபிள் பராமரிப்புப் பணியில் இருப்பவர்)

அம்மா, நீங்கள் சொல்லும் சிவப்பு விளக்கு ஒளி வரவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. பெட்டியில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. வட்டாரத் தலைமையிடத்திலிருந்து உங்கள் கட்டடம் வரையுள்ள இழை எங்கோ அறுந்திருக்கும், அல்லது அங்குள்ள கருவி நின்றிருக்கும். சுற்றி வைத்திருக்கும் கேபிளை யாரும் இறுக்கி மடக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இழை கூர்மையாக வளைந்தாலே ஒளி கசிந்துவிடும்.

ஐயா சொன்னதோடு களத்தில் கண்டதைச் சேர்க்கிறேன். முந்தைய கட்டங்களில் பெரும்பாலும் வட்டாரத்திலிருந்து ஊராட்சிக்கு ஒற்றைக் கோடாகத்தான் இழை போனது. சாலை அகலப்படுத்தும் பணியிலோ குடிநீர்க் குழாய் பதிக்கும் பணியிலோ பொக்லைன் ஓரிடத்தில் தோண்டினால், அதற்கு அப்பால் இருக்கும் ஊர்கள் அத்தனையும் இருளில் போய்விடும். கண்ணுக்குத் தெரியும் முறிவு என்றால் இரண்டு முனைகளையும் சீவி, உருக்கி ஒட்டி, உறையில் வைத்து மூட ஒரு பிற்பகல் போதும். எந்த இடத்தில் முறிந்தது என்று கண்டுபிடிப்பதும், தோண்டுவதற்கு அனுமதி வாங்குவதும், செலவு யாருடையது என்று முடிவாவதும்தான் மாதக்கணக்கில் இழுக்கும். திருத்தப்பட்ட திட்டம் இதை வளைய அமைப்பாக மாற்றச் சொல்கிறது; ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாகத் தரவு போகும். 10 ஆண்டுப் பராமரிப்பையும் ஒப்பந்தத்துக்குள்ளேயே சேர்த்திருக்கிறார்கள். ஆகவே எத்தனை கிலோமீட்டர் போட்டீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, எத்தனை ஊராட்சிகள் வளையத்துக்குள் வந்துவிட்டன, ஒரு முறிவைச் சரிசெய்யச் சராசரியாக எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். மின்கலம் மாற்றுவது யார் பொறுப்பு என்பதையும் மறக்க வேண்டாம். இழை நன்றாக இருந்தும் மின்வெட்டின்போது அணைந்துவிடும் பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதில் 3 (ஊராட்சி வார்டு உறுப்பினர்)

இருவர் சொன்னதையும் ஏற்கிறேன். ஆயினும் நாடாளுமன்றத்துக்குப் போவதற்கு முன் கிராம சபையில் இதைத் தீர்மானமாக ஏற்றுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. தீர்மான நகல் இணைந்த மனுவை எந்த உறுப்பினரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

சேவைகளை இணையத்துக்கு மாற்றும் துறைகளும் இணைப்பைத் தரும் துறையும் வெவ்வேறாக இருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. நூறு நாள் வேலைக்குக் கைப்பேசிச் செயலியில் படத்தோடு வருகைப் பதிவு செய்வது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அதை ஊரக வளர்ச்சித் துறை முடிவு செய்தது. அலைவரிசை கிடைக்கிறதா என்று விடை சொல்ல வேண்டியது வேறொரு துறை. இந்த இடைவெளியில் மாட்டிக்கொள்வது கூலிக்கு வந்தவர்தான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அமைச்சரின் விடையைப் பொய் என்று மனுவில் எழுத இருந்தேன். அந்த வரியை நீக்கிவிட்டேன். நேற்றிலிருந்து ஒரு நோட்டில் தினமும் காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் விளக்குகளின் நிலையை எழுதி வருகிறேன். திரும்பிப் போகும் விண்ணப்பங்களையும் அதிலேயே குறித்துக்கொள்கிறேன். வினாவை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்திக் கொடுங்கள்:

"பாரத்நெட் திட்டத்தில் சேவைக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்ட ஊராட்சிகளில் உண்மையிலேயே எத்தனை இயங்குகின்றன, இயங்காதவற்றுக்கு யார் பொறுப்பு, அவை எப்போது சரிசெய்யப்படும்?"

பதில் 1 (மீண்டும்)

நல்ல தொடக்கம் அம்மா. "உண்மையிலேயே" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். வினாவில் குற்றச்சாட்டோ உட்கருத்தோ இருக்கக் கூடாது என்பது விதி. "இயங்குகின்றன" என்று மட்டும் சொன்னால் ஒரு நாள் இயங்கியதையும் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். 150 சொற்களுக்குள் அடங்குமாறு இப்படி மாற்றியிருக்கிறேன்:

"(அ) பாரத்நெட் திட்டத்தில் சேவைக்குத் தயார் நிலையில் உள்ள ஊராட்சிகளில், கடந்த 12 மாதங்களில் தொடர்ந்து 30 நாள்களுக்கு மேல் தரவுப் பயன்பாடு பதிவாகாதவை எத்தனை, தமிழ்நாட்டுக்கான மாவட்ட வாரி விவரம் என்ன, (ஆ) இணைப்பு முறிவைச் சரிசெய்ய எடுத்துக்கொள்ளப்பட்ட சராசரி நேரம் என்ன, (இ) டிஜிட்டல் பாரத் நிதியிலிருந்து தொகை விடுவிக்கப்படும்போது இயங்கு நேரம் தொடர்பாக விதிக்கப்படும் நிபந்தனைகள் யாவை, அவை மீறப்பட்டதற்காகப் பிடித்தம் செய்யப்பட்ட தொகை எவ்வளவு, (ஈ) வளைய அமைப்புக்கு மாற்றப்பட்ட ஊராட்சிகளின் எண்ணிக்கை என்ன?"

பகுதி (அ)-வில் "தரவுப் பயன்பாடு" என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. கருவி இயங்கியதா என்பதற்கு இரண்டு விளக்கம் சொல்லலாம். தரவு போனதா இல்லையா என்பது மையக் கண்காணிப்பு அமைப்பில் எண்ணாகவே பதிவாகும். தகவல் திரட்டப்படுகிறது என்று விடை வந்தால் உறுப்பினரின் அலுவலகத்துக்கு உடனே ஒரு கடிதம் எழுதி, வினா எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 3 மாதம் கழித்து அவற்றைக் காட்டித்தான் கேட்க வேண்டியிருக்கும். நோட்டை நிறுத்தாதீர்கள், அம்மா. மாவட்ட அட்டவணை வெளிவரும் நாளில் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க உங்கள் ஊராட்சியின் கணக்கு அந்த நோட்டில்தான் இருக்கும்.