காஃப்காவில் ஒரே ஆர்டருக்கு இரண்டு இன்வாய்ஸ்: எங்கே தடுப்பது?

ஜூரோங்வாசி:
மொத்த மளிகை வியாபாரத்துக்கு ஆர்டர், ஸ்டாக், இன்வாய்ஸ் என மூன்று சர்வீஸ். நடுவில் செய்திகளைக் கடத்தக் காஃப்கா, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். மாதக் கடைசியில் ஆர்டர் குவியும்போது சில கடைகளுக்கு ஒரே ஆர்டருக்கு இரண்டு பில் இன்வாய்ஸ்நவ் (சிங்கப்பூரின் மின்-இன்வாய்ஸ் வலையமைப்பு) வழியாகப் போய்விடுகிறது. வேறு சில ஆர்டர்களில் ஸ்டாக் குறைந்திருக்கிறது, பில்லே இல்லை. ஒரு பில் தயாராகி அனுப்ப 2 வினாடி ஆகும். கன்சியூமர் (காஃப்காவிலிருந்து படிக்கும் புராசஸ்) செட்டிங் எதையும் தொடவில்லை. ஒவ்வொரு செய்தியும் ஒரே முறைதான் கையாளப்படும் என்கிற காஃப்காவின் 'எக்ஸாக்ட்லி ஒன்ஸ்' போட்டால் தீருமா?

செங்காங் பேக்எண்ட்:
தீராதுங்க. அந்த உத்தரவாதம் காஃப்காவில் படித்து காஃப்காவிலேயே எழுதும் வரைக்கும்தான். வெளியே போன பில்லுக்கு அது பொறுப்பேற்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செட்டிங்கைத் தொடாததால் ஒரு போலில், அதாவது கன்சியூமர் ஒரு முறை கேட்டு வாங்கும்போது, அதிகபட்சம் 500 ரெக்கார்டு வரும். தலா 2 வினாடி என்றால் 1,000 வினாடி. அடுத்த போலுக்கு உள்ள அவகாசமோ 300 வினாடி. அது தாண்டியதும் கன்சியூமர் போய்விட்டது என்று முடிவுகட்டி, பார்ட்டிஷன் (அது படித்துவந்த செய்தி வரிசை) இன்னொரு கன்சியூமரின் கைக்கு மாறும். ஆஃப்செட் (எதுவரை படித்தது என்ற குறி) கமிட் ஆகாததால் அந்த ரெக்கார்டுகள் மறுபடி வரும். சாதாரண நாளில் 500 சேராது, அதனால் தெரியாது.

மேக்ஸ் போல் ரெக்கார்ட்ஸை 50 ஆக்குங்கள், 100 வினாடியில் முடியும். ஆனால் சர்வீஸ் ஓடும் பாட் நடுவில் ரீஸ்டார்ட் ஆனால் மறுபடியும் இரண்டு பில்தான். உண்மையான தடுப்பு டேபிளில் இருக்க வேண்டும்: ஆர்டர் ஐடிக்கு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட், அதாவது அதே ஐடிக்கு இரண்டாவது வரியை டேட்டாபேஸே ஏற்காது. முதலில் 'நிலுவை' என்று வரியை எழுதி பில் எண்ணைக் கமிட் செய்யுங்கள், பிறகு அனுப்பிவிட்டு 'அனுப்பியாச்சு' என்று மாற்றுங்கள். திரும்ப வந்தால் 'அனுப்பியாச்சு' என்றிருப்பதை விட்டுவிடுங்கள். 'நிலுவை' என்றிருந்தால் அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு, அதே எண்ணில் அனுப்புங்கள். புது எண் எடுத்தால் வாங்குபவருக்கு அது இன்னொரு பில்.

புங்கோல் டேட்டா:
பில்லே வராததற்குக் காரணம் வேறு. ஸ்டாக்கைக் குறைத்துக் கமிட் செய்த பிறகு காஃப்காவுக்கு அனுப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். இடையில் புராசஸ் விழுந்தால் ஈவென்ட் போச்சு. ஸ்டாக்கைக் குறைக்கும் அதே டிரான்ஸாக்‌ஷனில் அனுப்ப வேண்டியதைக் குறித்துவைக்கும் அவுட்பாக்ஸ் டேபிளிலும் ஒரு வரி எழுதுங்கள். அங்கிருந்து டெபீசியம் (டேட்டாபேஸ் மாற்றங்களைப் படித்துக் காஃப்காவுக்கு அனுப்பும் கருவி) எடுத்து அனுப்பட்டும்.

ஒன்றில் மட்டும் கவனம். டெபீசியம் நின்றுபோனால் அதன் ரெப்ளிகேஷன் ஸ்லாட் (அது எதுவரை படித்தது என்று போஸ்ட்கிரெஸ் வைக்கும் குறி) வால் ஃபைல்களை, அதாவது போஸ்ட்கிரெஸின் மாற்றப் பதிவுகளை, அழிக்கவிடாது. டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸே நின்றுவிடும். ஸ்லாட் எவ்வளவு பின்தங்குகிறது என்பதற்கு முதல் நாளே அலர்ட் போடுங்கள்.

ஜூரோங்வாசி:
மூன்று சர்வீஸுக்கு டெபீசியம் அதிகமில்லையா?

புங்கோல் டேட்டா:
அதிகம்தான். வினாடிக்கொரு முறை அவுட்பாக்ஸைப் படித்து அனுப்பும் ஒரே ஒரு புராசஸ் போதும். ஆர்டர் ஐடியையே கீயாக வையுங்கள், அந்த ஆர்டரின் ஈவென்ட்கள் ஒரே பார்ட்டிஷனில் வரிசையாக வரும். அனுப்பிவிட்டு, 'அனுப்பியது' என்று குறிப்பதற்குள் அது விழுந்தால் ஈவென்ட் இரண்டு முறை போகும். மேலே சொன்ன யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் அதற்கும் சேர்த்துத்தான்.

பில் தேதியையும் ஒரு தடவை பாருங்கள். சிங்கப்பூரைவிட 8 மணி நேரம் பின்னால் இருக்கும் யூடிசியில் சர்வர் ஓடி, தேதியை அதிலிருந்தே எடுத்தால், முதல் தேதி காலை 8 மணிக்கு முன் போடும் பில் போன மாதத் தேதியில் விழும். காலாண்டு ஜிஎஸ்டி கணக்கு அங்கேயே பிசகும்.