ஏற்காட்டில் ஸ்பூன் வேட்டை: பெயிண்ட் உரியாமல் இருக்க?

கேள்வி: பழைய எவர்சில்வர் ஸ்பூன், டம்ளரில் ஓவியம் வரைந்து, ஏற்காடு ஏரிப் பக்கம் ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடவிடப் போகிறோம். அக்ரிலிக் பெயிண்ட் தோல் தோலாக உரிகிறது. என்ன வழி?

பதில்: வழவழப்பில் பெயிண்டுக்குப் பிடிமானம் கிடையாதுங்க. 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, தின்னரால் துடைத்து, மெட்டல் பிரைமர் ஒரு கோட் அடியுங்க. மறுநாள் பெயிண்ட். வார்னிஷைச் சேலத்திலேயே வெயில் நாளில் முடிச்சிடுங்க. மலைமேல் பனிமூட்டத்தில் அடித்தால் ஈரம் மாட்டி வெள்ளை பூக்கும்.

பதில்: அண்ணன் சொன்னது சரி. வார்னிஷ் மட்டும் மேட் வாங்குங்க, மின்னினால் குரங்கு தூக்கிடும். மரத்தில் ஆணி வேண்டவே வேண்டாம், சணல் போதும். நம்பர் போட்டு, ஒளித்த இடத்தைப் போட்டோ எடுத்துக்கோங்க. கிடைக்காததைத் திரும்ப எடுக்கணும்.

கேட்டவர்: டம்ளருக்கும் இதேதானா?

பதில்: ஆமாங்க. கவிழ்த்து வையுங்க, மழைத்தண்ணீர் நின்றால் கொசு முட்டையிடும்.