மறு: 'எதிர்ப்புப் பாக்டீரியா'வுக்கு மாற்றுச்சொல்

வணக்கம்.

நுண்ணுயிர் எதிர்ப்பி (ஆன்டிபயாடிக்) கொடுத்தும் அடங்காமல் பெருகும் பாக்டீரியாவை என்ன சொல்லி அழைப்பது என்பதுதான் கேள்வி. கால்நடை மருத்துவமனைக் கையேட்டில் 'நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்புப் பாக்டீரியா' என்றே போட்டுவிடலாம் என்று முந்தைய மடலில் ஐயா எழுதியிருந்தார். இலக்கணப்படி குறையில்லை. ஆனால் அடுத்தடுத்து இரண்டு எதிர்ப்பு வந்தால் யார் யாரை எதிர்க்கிறார்கள் என்று படிப்பவர் திணறிப்போவார். அதைவிடப் பெரிய தொல்லை, 'எதிர்ப்பு' என்ற சொல் ஏற்கெனவே நோய் எதிர்ப்பு சக்திக்குச் சொந்தமாகிவிட்டது. 'எதிர்ப்புத்திறன் பெற்ற நாய்' என்றால் தடுப்பூசி போட்ட நாய் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். இங்கே மாறியிருப்பது நாயின் உடம்பு இல்லையே, அதன் தோலில் இருக்கும் கிருமிதானே.

கொட்டிலைக் கழுவுபவரும் இந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறார் என்பதால்தான் இவ்வளவு பிடிவாதம். 2004இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் பெருவிலங்கு மருத்துவமனையில், பல மருந்துகளுக்கும் மசியாத சால்மோனெல்லா நியூபோர்ட் என்ற குடல்நோய்க் கிருமி பரவியது. கட்டடத்தையே மூடிவைத்துக் கிருமிநீக்கம் செய்தார்கள். அந்த அளவுக்குப் போகக்கூடிய விஷயம்.

சரி, மாற்று என்ன? பேச்சில் 'மருந்துக்குக் கட்டுப்படலை' என்கிறோம். சுவரொட்டிக்கு 'மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி' போதும், அங்கே கலைச்சொல்லே தேவையில்லை. ஆனால் ஆய்வக அறிக்கையில் மரபணு, பன்மருந்து என்று ஒட்டு மேல் ஒட்டாக வரும்போது குட்டையான வேர் வேண்டும்.

'மருந்தடங்கா' என்று ஒருவர் சொல்லியிருந்தார். காதுக்கு நன்றாக இருக்கிறது, முதலில் நானும் அதன் பக்கம்தான். ஆனால் 'மருந்து அடங்கிய' என்றால் மருந்து கலந்த என்று பொருள். ஆகவே 'மருந்தடங்காத் தீவனம்' மருந்து கலக்காத தீவனம் ஆகிவிடும். தீவனத்தில் நுண்ணுயிர் எதிர்ப்பி கலப்பதே பெரிய பிரச்சினையாக இருக்கும் துறையில் இது ஆகாது.

'மருந்துதாங்கி'யை வேறொன்றுக்கு எடுத்துவைக்க வேண்டும். மருந்து இருக்கும்வரை பெருகாமல், ஆனால் சாகவும் செய்யாமல் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் பாக்டீரியா உண்டு. தாங்குவது அதுதான். நாம் பேசுவது மருந்து இருக்கும்போதே பெருகுவதைப் பற்றி.

அதனால் என் பரிந்துரை 'மருந்துமீறி'. பூச்சிக்கொல்லியில் கொல்லி போல, இதில் மீறி. மருந்துமீறிப் பாக்டீரியா, மருந்துமீறி மரபணு, பன்மருந்துமீறி என்று இழுத்த இழுப்புக்கு வருகிறது. பண்பைச் சொல்ல 'மீறுதிறன்'. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவில் மெத்திசிலினுக்கு மசியாத வகையை எம்ஆர்எஸ்ஏ (MRSA) என்கிறார்கள். அதை 'மெத்திசிலின்மீறி ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ்' எனலாம். மெத்திசிலின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பி 1959இல் வந்தது, 1961இலேயே பிரிட்டனில் மீறிகள் தென்பட்டன. 1972இல் பெல்ஜியத்தில் மடிநோய் வந்த பசுக்களின் பாலிலும் எம்ஆர்எஸ்ஏ கிடைத்தது. இன்று அந்த மருந்தை யாரும் கொடுப்பதில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செயல்முறைக்கும் சொல் பொருந்துகிறது. செல்சுவர் கட்டும் புரதங்களைப் பற்றி முடக்குவதுதான் இந்த மருந்தின் வேலை. எம்ஆர்எஸ்ஏவில் இருக்கும் மெக்ஏ (mecA) மரபணு, மருந்து எளிதில் பற்றமுடியாத ஒரு மாற்றுப் புரதத்தைத் தருகிறது. பாக்டீரியா அதை வைத்துக்கொண்டு செல்சுவரைக் கட்டிக்கொண்டே போகிறது. இதில் மருந்தை எதிர்க்கும் வேலை எதுவும் நடப்பதில்லை. (மருந்தையே உடைத்துப்போடும் நொதிகள் வேறு கதை. அங்கே 'எதிர்ப்பு' பொருந்தும் என்று வாதாடலாம்தான்.)

'மீறல்' குற்றம்போல் ஒலிக்கிறது என்று யாராவது சொல்வார்கள். ஒலிக்கட்டுமே.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. 2000 முதல் 2002 வரை கனடாவின் ஒண்டாரியோவில் குதிரைகளின் மூக்கிலும், அவற்றைக் கவனித்தவர்கள் மூக்கிலும் எம்ஆர்எஸ்ஏ இருப்பதைக் கண்டார்கள். பெரும்பாலான குதிரைகளுக்கு நோய்க்குறி எதுவும் இல்லை, கிருமி குடியிருந்தது, அவ்வளவுதான். இந்த நிலையைத் 'தொற்று' என்று எழுதினால் தேவையில்லாமல் மருந்து கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். 'குடியேற்றம்' சரி என்றே படுகிறது, ஆனால் அப்படிச் சுமந்து திரியும் விலங்கை எப்படிச் சொல்வது? 'நோய்க்கடத்தி' கொசுவுக்குப் போய்விட்டது. 'கிருமிசுமப்பி' என்று எழுதிப்பார்த்தேன், நாக்கில் ஓடவில்லை. கால்நடை மருத்துவம் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.